பூஸ்ட் மீட்டர்: வரலாறும் அளவீட்டுக் குழப்பங்களும்

பூஸ்ட் மீட்டர் என்பது டர்போ பொருத்தப்பட்ட எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கருவியாகும். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டு டர்போ ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் செலுத்துகிறது. இந்தக் காற்று வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறதோ, அந்தக் கூடுதலே பூஸ்ட் எனப்படுகிறது.

சில கார்களில் இந்த மீட்டர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. பெரும்பாலான கார்களில் உரிமையாளரே தனியாக வாங்கிப் பொருத்துகிறார். அப்படிப் பொருத்தியவர்கள் சொல்லும் குறை ஏறத்தாழ ஒரே மாதிரியானது. அதே சாலை, அதே வேகம். நேற்று 12 காட்டிய முள் இன்று 9 காட்டுகிறது. அல்லது ஒரே இடத்தில் நில்லாமல் நடுங்குகிறது. அல்லது எஞ்சினை நிறுத்திய பிறகும் பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. மீட்டரை மாற்றிப் பார்த்தும் குறை தீராதவர்கள் உண்டு.

மீட்டர் கெட்டுப்போவது நடக்கக்கூடியதே. ஆனால் அதைவிட அடிக்கடி நிகழ்வது வேறு. அழுத்தமானி எதுவும் ஓர் அழுத்தத்தைத் தனியே அளப்பதில்லை. இரண்டு அழுத்தங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டையே அளக்கிறது. அந்த இரண்டில் ஒன்று எது என்பதை மறந்துவிட்டால், சரியான அளவும் தவறாகத் தோன்றும். இக்கருவி கடந்துவந்த வழியைப் பார்த்தால் இது தெளிவாகும்.

பாதரசக் காலம்

1643-இல் இத்தாலியைச் சேர்ந்த எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லியின் யோசனைப்படி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பி, அதைப் பாதரசத் தொட்டியில் தலைகீழாக நிறுத்திப் பார்த்தனர். பாதரசம் முழுவதும் இறங்கிவிடாமல் ஏறத்தாழ 76 செ.மீ. உயரத்தில் நின்றது. அதைத் தாங்கி நிறுத்தியது வெளிக்காற்றின் எடை. பிரான்சில் பிளேஸ் பாஸ்கல் இதை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். காற்றுக்கு எடை இருக்குமானால் மலைமேல் அது குறைய வேண்டும் என்பது அவர் வாதம். அவர் கேட்டுக்கொண்டபடி, 1648 செப்டம்பர் 19 அன்று அவருடைய மைத்துனர் ஃப்ளோரின் பெரியே பாதரசக் குழாயுடன் புய்-தெ-டோம் மலைமீது ஏறினார். உச்சியில் பாதரசம் 8 செ.மீட்டருக்கும் மேல் தாழ்ந்து நின்றது.

டர்போ கார்களுக்கும் இந்தச் சோதனைக்கும் தொடர்பு உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் ஒரு மாறிலி அன்று, இடத்துக்கு இடம் மாறுவது என்பதை இது நிறுவியது. அந்த வெளிக்காற்றையே பூஜ்யமாக வைத்து அளக்கும் எந்தக் கருவியும், இடம் மாறினால் தன் பூஜ்யத்தையும் உடன் எடுத்துக்கொண்டு நகர்கிறது.

நீராவி எஞ்சின்கள் வந்தபோதும் பாதரசமே அளவுகோலாக இருந்தது. ஜேம்ஸ் வாட்டின் கொதிகலன்களில் அழுத்தம் குறைவு என்பதால், பள்ளி ஆய்வகங்களில் இன்றும் காணப்படும் யூ வடிவக் குழாய் போன்ற ஒன்றே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. ரயில் எஞ்சின்களின் காலம் வந்ததும் சிக்கல் எழுந்தது. வெளிக்காற்றைவிட 7 மடங்கு கூடுதல் அழுத்தத்தை அளக்க வேண்டுமானால், 5 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள பாதரசக் குழாய் தேவை. ஓடும் ரயிலில் அதை எங்கே நிறுத்துவது? கொதிகலன் வெடித்து ஆட்கள் மாண்ட செய்திகள் வாடிக்கையாகிவிட்ட காலம் அது. சிறிய, உறுதியான, அதிர்வைத் தாங்கும் ஓர் அழுத்தமானி மனித உயிர்களைக் காக்கும் தேவையாக இருந்தது.

நசுங்கிய குழாய் தந்த விடை

விடை பாரிசில் ஒரு பட்டறையில் தற்செயலாகக் கிடைத்தது. எஞ்சின் தயாரிப்பாளரான யூஜின் பூர்டோன், நீராவி எஞ்சின் ஒன்றுக்காகச் சுருள் வடிவக் குழாய் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். வளைக்கும்போது குழாய் நசுங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு முனையை அடைத்துவிட்டு, மறுமுனை வழியாகத் தண்ணீரை அழுத்தி ஏற்றினார்கள். நசுங்கிய பகுதி மெல்ல உருண்டையானது. அதோடு, யாரும் தொடாமலேயே சுருளும் அவிழத் தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் குழாய் கோணலாகிவிட்டது என்று சலித்துக்கொண்டு தூக்கி எறிந்திருக்கலாம். பூர்டோன் அதில் ஓர் அழுத்தமானியைக் கண்டார். 1849-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

தட்டையான குறுக்குவெட்டு உடைய ஒரு குழாயை அரைவட்டத்துக்குச் சற்று மேலாக வளைத்து, ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியே அழுத்தத்தைச் செலுத்தினால், குழாய் உருண்டையாக முயன்று சற்றே நிமிர்கிறது. அடைத்த முனை நகர்வது சில மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு பற்சக்கரத் துண்டும் ஒரு சிறு பற்சக்கரமும் அந்த நகர்வைப் பெருக்கி முள்ளைச் சுழற்றுகின்றன. உள்ளே வெற்றிடம் ஏற்பட்டால் குழாய் மேலும் வளைந்து முள்ளை எதிர்ப்புறம் திருப்புகிறது. 175 ஆண்டுகளுக்குப் பிறகும் காஸ் சிலிண்டர் ரெகுலேட்டரிலும், காற்றடிக்கும் கம்ப்ரஸரிலும், காரின் பூஸ்ட் மீட்டரிலும் இருப்பது இதே குழாய்தான்.

பூர்டோனுக்கு முன்பே, 1844-இல், லூசியன் விடி என்பவர் காற்றை வெளியேற்றி மூடிய உலோகப் பெட்டி ஒன்றின் சுவர் வெளிக்காற்றால் அமுங்குவதைக் கொண்டு பாதரசமில்லாப் பாரமானியை அமைத்திருந்தார். பூர்டோனின் கருவி தம் உரிமையை மீறுகிறது என்று அவர் நீதிமன்றம் சென்றார். வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. உரிமை யாருடையது என்பது ஒருபுறம் இருக்க, இரண்டு கருவிகளுக்கும் உள்ள வேறுபாடே இங்கு முக்கியமானது. விடியின் பெட்டிக்குள் இருப்பது வெற்றிடம். அது வெற்றிடத்தோடு ஒப்பிடுகிறது. பூர்டோன் குழாயைச் சுற்றி இருப்பது சாதாரணக் காற்று. அது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிடுகிறது. முதலாவது காட்டுவது தனி அழுத்தம், இரண்டாவது காட்டுவது சார்பு அழுத்தம். பூஸ்ட் மீட்டர்கள் குறித்த குழப்பங்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

பைக்ஸ் பீக்

புகையின் ஆற்றலைக் கொண்டு காற்றை அமுக்கும் யோசனைக்கு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு உடனடித் தேவையைத் தோற்றுவித்தது முதல் உலகப் போர். விமானம் உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. பிரான்சில் ஒகுஸ்த் ராதோ விமான எஞ்சினுக்கு டர்போ அமைத்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ் அப்பணியை மேற்கொண்டார்.

1918-இல் மாஸ் தம் டர்போவைப் பொருத்திய லிபர்ட்டி எஞ்சினை ஒரு லாரியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுசென்றார். உயரம் சுமார் 4,300 மீட்டர். தரைமட்டத்தில் ஏறத்தாழ 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், டர்போ இல்லாமல் உச்சியில் 230 மட்டுமே தந்தது. டர்போவுடன் 356 தந்தது. விமானத்தை ஏற்றாமல் மலையையே விமானமாகக் கொண்ட இச்சோதனை, டர்போவின் முதல் வேலை கூடுதல் பலம் தருவது அன்று, இழந்ததை மீட்டுத் தருவது என்பதையும் காட்டியது. காரில் டர்போவை அறிந்தவர்கள் பலரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

விமானிகளின் மூன்று அளவுகள்

டர்போவோ சூப்பர்சார்ஜரோ பொருத்திய எஞ்சினில் விமானி அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் வெடித்துச் சிதறலாம். எனவே 1930-களில் மேனிஃபோல்டு அழுத்தமானி விமானத்தின் இன்றியமையாக் கருவியானது. ஒவ்வொரு நாடும் அதற்குத் தனித்தனி அளவைத் தேர்ந்தது.

அமெரிக்கர்கள் வெற்றிடத்திலிருந்து தொடங்கிப் பாதரச அங்குலத்தில் அளந்தனர். அவர்களுடைய மீட்டரில், எஞ்சின் நின்றிருக்கும்போது பூஜ்யம் காட்டாது. அன்றைய காற்றழுத்தம், அதாவது கடல்மட்டத்தில் சுமார் 30 அங்குலம் காட்டும். ஜெர்மானியர்களும் வெற்றிடத்திலிருந்தே தொடங்கினர். அலகு மட்டும் தொழில்நுட்ப வளிமண்டலம். பிரிட்டிஷார் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு எனக் கூட்டல் கழித்தல் குறியோடு அளந்தனர். 1940-இல் 100 ஆக்டேன் பெட்ரோல் வந்தபோது ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினுக்கு அனுமதிக்கப்பட்ட பூஸ்ட் +6¼-இலிருந்து +12 ஆக உயர்த்தப்பட்டது. அதே +12, அமெரிக்க மீட்டரில் சுமார் 54 அங்குலம். ஜெர்மன் மீட்டரில் ஏறத்தாழ 1.88. மூன்றும் ஒரே அழுத்தம்.

பிரிட்டிஷ் மீட்டரில் ஒரு நுணுக்கம் உண்டு. அதன் பூஜ்யம் விமானத்தைச் சுற்றியுள்ள காற்று அன்று. கடல்மட்டத்தின் திட்டமான காற்றழுத்தமான 14.7 பவுண்டு. உள்ளே விடியின் முறையிலான வெற்றிடப் பெட்டி இருந்ததால், எத்தனை ஆயிரம் அடி ஏறினாலும் அந்தப் பூஜ்யம் நகராது. பார்ப்பதற்குச் சார்பு அழுத்தமானி போலிருந்தாலும் உண்மையில் அது தனி அழுத்தமானியே. எஞ்சின் பொறுப்பது எவ்வளவு என்பதே விமானிக்குத் தேவை. வெளியே காற்று எவ்வளவு மெலிந்தது என்பது அந்த முள்ளைப் பாதிக்கக் கூடாது. அக்காலத்துப் பொறியாளர்கள் இதைத் தெளிவாகச் சிந்தித்திருந்தனர். பிறகு கார்களுக்கு வந்த மலிவான மீட்டர்களில் இத்தெளிவு காணாமற்போனது.

விமானக் காலத்தின் இரண்டு பழக்கங்கள் கார் மெக்கானிக்குக்கும் பயன்படக் கூடியவை. முதலாவது, எஞ்சினைக் கிளப்புமுன் மீட்டர் அன்றைய காற்றழுத்தத்தைச் சரியாகக் காட்டுகிறதா எனப் பார்ப்பது. இரண்டாவது, மீட்டருக்கு வரும் மெல்லிய குழாயில் தேங்கும் ஈரத்தை அகற்றுவது. பல அமெரிக்க விமானங்களில் இதற்கென ஒரு சிறு வால்வு இருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது சில விநாடிகள் அதைத் திறந்தால், வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, குழாயில் நிற்கும் நீர்த்துளிகளை எஞ்சினுக்குள் இழுத்துச் சென்றுவிடும்.

காருக்கு வந்த மீட்டர்

1962-இல் அமெரிக்காவில் டர்போவுடன் இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்தன. ஒன்று ஷெவர்லே கோர்வேர் மோன்சா ஸ்பைடர். அதன் முகப்பில் மேனிஃபோல்டு அழுத்தமானி இருந்தது. மற்றொன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். இதன் எஞ்சின் தட்டாமல் இருக்க, மெத்தனாலும் நீரும் கலந்த திரவம் ஒன்றைத் தனித்தொட்டியில் அவ்வப்போது நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. பழுதுகள் பெருகின, பத்தாயிரத்துக்கும் குறைவான கார்களே விற்றன. பிறகு பல கார்களிலிருந்து டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் பொருத்தினார்கள்.

ஐரோப்பாவில் 1973-இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போவும், 1977-இல் சாப் 99 டர்போவும் அறிமுகமாயின. சாபின் பூஸ்ட் மீட்டரில் எண்களே இல்லை. வெள்ளை, ஆரஞ்சு, சிவப்பு நிறப் பட்டைகள் மட்டுமே. ஓட்டுநருக்குத் தேவை எண் அன்று, எல்லை தாண்டுகிறோமா என்ற அறிவு மட்டுமே என்று அந்நிறுவனம் கருதியிருக்க வேண்டும். அது நல்ல முடிவு என்றே சொல்லலாம்.

எண்கள் வேண்டும் என்றவர்கள் தனி மீட்டர்களை நாடினார்கள். 52 மி.மீ. விட்டமுள்ள வட்ட மீட்டர் இதற்கான பொது அளவானது. அதன் பின்னால் பூர்டோன் குழாய். அதிலிருந்து ஒரு மெல்லிய நைலான் அல்லது ரப்பர் டியூப் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டுக்குச் செல்லும். அமெரிக்க மீட்டர்களில் பூஜ்யத்துக்கு இடப்புறம் பாதரச அங்குலத்தில் வெற்றிடம், வலப்புறம் பிஎஸ்ஐ அளவில் பூஸ்ட். ஒரே வட்டத்துக்குள் இரண்டு அலகுகளை வைத்தவர் யாராயினும், அவர் வகுப்பில் அலகு மாற்றம் கற்பித்தவராக இருந்திருக்க முடியாது. 1 பிஎஸ்ஐ என்பது சுமார் 2 பாதரச அங்குலம். எனவே இடப்புறம் 20 என்பதும் வலப்புறம் 10 என்பதும் ஏறத்தாழ ஒரே அளவு வேறுபாடு. இதை அறியாதவர், எஞ்சின் மெதுவாக ஓடும்போது காட்டும் 20-ஐக் கண்டு அஞ்சுவதும், கிலோபாஸ்கலில் காட்டும் மற்றொரு மீட்டரோடு ஒப்பிட்டு ஒன்று பொய் என்று முடிவுகட்டுவதும் இன்றும் நடக்கிறது.

முள் தடுமாறும் இடங்கள்

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் நின்றிருக்கும் நிலை. பூர்டோன் மீட்டர் அப்போது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். டியூபைக் கழற்றிய பிறகும் 2 அல்லது 3 காட்டினால் குழாய் ஒருமுறை அளவுக்கு மீறி விரிந்து பழைய நிலைக்குத் திரும்பாமல் போயிருக்கிறது. அல்லது முள் அச்சில் நழுவியிருக்கிறது. அந்த மீட்டரை மாற்றுவதே முறை. ஆனால் டியூபைக் கழற்றியதும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் மீட்டர் மீது குற்றமில்லை. டியூபில் ஏதோ அழுத்தத்தை அடைத்து வைத்திருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதிர்வைக் குறைக்க உள்ளே திரவம் நிரப்பி முழுவதுமாக மூடிய மீட்டர்கள் கிடைக்கின்றன. பூர்டோன் குழாய் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிடுவது. இங்கே சுற்றியிருப்பது மூடிய பெட்டிக்குள் சிறைப்பட்ட காற்று. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தக் காற்று 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால், வாயு விதிப்படி அதன் அழுத்தம் ஏறத்தாழ 12 சதவீதம் கூடும், அதாவது 1.7 பிஎஸ்ஐ. முள் அந்த அளவுக்குக் குறைவாகக் காட்டும். காலையில் சரியாகவும் மதியம் குறைவாகவும் காட்டும் மீட்டரின் மர்மம் சில நேரங்களில் இவ்வளவுதான். இத்தகைய மீட்டரின் மேற்புறத்தில் உள்ள சிறு ரப்பர் மூடியைத் திறந்து மூடினால் உள்காற்று சமன்படும்.

அடுத்தது டியூபின் வழி. எஞ்சின் அறைக்குள் அது புகைக்குழாய்க்கு அருகே சென்றால் வெப்பத்தில் மெலிந்துபோகும். வெற்றிடத்தில் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும், அழுத்தத்தில் விரிந்துகொள்ளும். தடுப்புச் சுவரைக் கடக்கும் இடத்தில் கூர்மையான தகடு அதை நறுக்கலாம். இணைப்புகளில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும், டியூப் மெல்லியது என்பதால் மீட்டரை எட்டும் அழுத்தம் குறைந்துவிடும். அழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். டியூபுக்குள் பெட்ரோல் ஆவியும் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து ஒரு துளியாக நின்றாலும் முள் தாமதித்தே நகரும். விமானங்களில் வால்வு வைத்துத் தீர்த்த அதே தொல்லை. காரில் டியூபைக் கழற்றி ஊதிவிட்டு, மீட்டரிலிருந்து எஞ்சினை நோக்கி இறங்கும்படி அமைத்தால் தீரும்.

முள் நடுங்குவதற்குக் காரணம் எஞ்சினே. சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு இழுக்கும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் துடிக்கிறது. ஒரு சிலிண்டருக்கு அருகிலுள்ள துளையில் டியூபை இணைத்தால் துடிப்பு மிகும். தொடர்ந்து நடுங்கினால் பற்சக்கரத்தின் ஒரே பகுதி தேய்ந்து, அந்த இடத்தில் முள் தாவத் தொடங்கும். நுண்துளையுள்ள தடுப்பு ஒன்றை டியூபில் வைத்தால் நடுக்கம் அடங்கும். ஆனால் துளை மிகச் சிறிதானால், கண நேரம் எழும் ஆபத்தான உச்ச அழுத்தத்தையும் அது மறைத்துவிடும். முள் அமைதியாக இருக்கிறது என்பதாலேயே எஞ்சினும் அமைதியாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

எங்கிருந்து அழுத்தத்தை எடுக்கிறோம் என்பதும் பெரிய கேள்வி. டர்போவின் வாயிலில் அளந்தால் ஓர் எண். இன்டர்கூலரையும் திராட்டிலையும் கடந்து மேனிஃபோல்டில் அளந்தால் அதைவிடக் குறைந்த எண். இடையில் 1 அல்லது 2 பிஎஸ்ஐ இழப்பு இயல்பானதே. திராட்டிலுக்கு முன் இணைத்த மீட்டர் வெற்றிடத்தைக் காட்டவே காட்டாது. பிரேக் பூஸ்டருக்கோ, எரிபொருள் அழுத்த ரெகுலேட்டருக்கோ செல்லும் குழாயில் டீ போட்டு இணைத்தால், அந்தக் கருவிகள் இழுக்கும்போதெல்லாம் முள்ளும் ஆடும். அதைவிடக் கவலைக்குரியது, அந்த டீ கசிந்தால் பிரேக்கும் எரிபொருளும் பாதிக்கப்படும் என்பது. மீட்டருக்கென்று தனித் துளை அமைப்பதே நல்லது.

டீசல் காரில் பெட்ரோல் காரில் இருப்பதைப் போலக் காற்றை அடைக்கும் திராட்டில் பொதுவாக வேலை செய்வதில்லை. ஆகவே மெதுவாக ஓடும்போது வெற்றிடம் ஏற்படாது. முள் பூஜ்யத்தருகே நிற்கும். பெட்ரோல் கார் வைத்திருக்கும் நண்பரின் மீட்டரோடு ஒப்பிட்டு, தம் மீட்டர் பாதி வேலைசெய்யவில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

இவை அனைத்தையும் சோதித்த பிறகும் அளவு மாறினால், முள் சொல்வது உண்மை என்று ஏற்கவேண்டிய கட்டம் வருகிறது. கையால் இயக்கும் அழுத்தப் பம்பையும் நம்பகமான மற்றொரு மீட்டரையும் ஒரே டியூபில் இணைத்துப் பார்த்தால் இது உறுதியாகும். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால் மாறுவது பூஸ்டே. முதல் கியரில் எஞ்சின் வேகமாகச் சுழன்று முடிந்துவிடுவதால் டர்போவுக்கு முழு அழுத்தத்தை எட்ட நேரமிருக்காது. நான்காம் கியரில் இருக்கும். காற்று மிகச் சூடானாலோ எஞ்சின் தட்டத் தொடங்கினாலோ, நவீன காரின் கணினி தானே பூஸ்டைக் குறைக்கும். இன்டர்கூலர் குழாயின் கிளாம்ப் தளர்ந்தால் பூஸ்ட் விழும். டர்போவைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டுக்குச் செல்லும் சிறு குழாய் வெடித்தாலோ, நிலைமை தலைகீழ். வேஸ்ட்கேட் திறக்காமல் பூஸ்ட் எல்லை மீறி ஏறும். பிஸ்டன் உருகுவதும் கனெக்டிங் ராடு வளைவதும் அதன் பின்விளைவு. மீட்டர் பொய் சொல்கிறது என்று அந்த நேரத்தில் புறக்கணித்தவர் எஞ்சினையே இழக்கிறார்.

மீண்டும் அதே மலை

மாஸ் தம் எஞ்சினை ஏற்றிச்சென்ற பைக்ஸ் பீக் மலையில் 1916 முதல் கார்ப் பந்தயம் நடந்துவருகிறது. பந்தயப் பாதை சுமார் 20 கி.மீ. நீளமும் 156 வளைவுகளும் உடையது. 2,862 மீட்டர் உயரத்தில் தொடங்கி மலையுச்சியில் முடிகிறது. 1987-இல் வால்ட்டர் ரோர்ல் டர்போ பொருத்திய ஆடி காரில் 10 நிமிடம் 47.85 விநாடியில் ஏறி, 11 நிமிடத்துக்குள் உச்சியை எட்டிய முதல்வரானார்.

அந்தப் பாதையில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 71 கிலோபாஸ்கலிலிருந்து சுமார் 60-க்கு இறங்குகிறது. இரண்டு கார்கள் அங்கே ஏறுவதாகக் கொள்வோம். முதல் காரில் பூஸ்டை ஓர் ஸ்பிரிங் வைத்த வேஸ்ட்கேட் கட்டுப்படுத்துகிறது. ஸ்பிரிங் வெளிக்காற்றோடு ஒப்பிட்டு 100 கிலோபாஸ்கலில் திறக்கும். அந்தக் காரின் பூர்டோன் மீட்டர் அடிவாரத்திலும் உச்சியிலும் 100 காட்டும். எஞ்சினுக்குள் இருக்கும் தனி அழுத்தமோ 171-இலிருந்து 160 ஆகக் குறைந்திருக்கும். முள் அசையவில்லை, பலம் குறைந்துவிட்டது. இரண்டாவது காரில் கணினி தனி அழுத்தத்தை 200-இல் நிறுத்துகிறது. அதன் பூர்டோன் மீட்டர் தொடக்கத்தில் 129 காட்டி, உச்சியில் 140 காட்டும். கடல்மட்டத்தில் அதே கார் 99 காட்டியிருக்கும். ஓட்டுநர் பூஸ்ட் கட்டுப்பாடு பழுதாகிவிட்டது என்று நினைக்கலாம். பழுது எதுவும் இல்லை.

சென்சாரும் எண்களும்

1954-இல் பெல் ஆய்வகத்தில் சார்லஸ் ஸ்மித், சிலிக்கானை அமுக்கும்போது அதன் மின்தடை பெரிதும் மாறுவதைக் கண்டறிந்தார். இன்றைய மின்னணு அழுத்த சென்சார்கள் இவ்விளைவின் வாரிசுகள். முள்ளுக்கும் எஞ்சினுக்கும் இடையே இப்போது காற்று டியூபுக்குப் பதில் மின்கம்பி. ஈரம், மடிப்பு, கசிவு ஆகிய தொல்லைகள் குறைந்தன. வேறு தொல்லைகள் வந்தன. பொதுவாக இத்தகைய சென்சார் 5 வோல்ட் பெற்று, அழுத்தத்துக்கேற்ப 0.5 முதல் 4.5 வோல்ட் வரை திருப்பித் தருகிறது. 300 கிலோபாஸ்கல் வரை அளக்கும் சென்சாரில், எர்த் இணைப்பு துருப்பிடித்து 0.1 வோல்ட் பிசகினால், மீட்டர் 7.5 கிலோபாஸ்கல், அதாவது ஒரு பிஎஸ்ஐக்குச் சற்று மேல் தவறும். முகப்பு விளக்கைப் போட்டதும் பூஸ்ட் மாறுகிறது என்றால் எர்த் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். சென்சாரை மாற்றிவிட்டு மீட்டரின் அமைப்பில் பழைய சென்சாரின் வகையையே விட்டுவைத்தாலும் எண்கள் தவறும். அழுத்தம் கூடக்கூடப் பிழையும் கூடும்.

தனி மீட்டரே வாங்காமல், காரின் ஓபிடி இணைப்பிலிருந்து செல்பேசிச் செயலி மூலம் பூஸ்டைப் பார்ப்போர் இப்போது பலர். அங்கே மேனிஃபோல்டு அழுத்தம் வழக்கமாக ஒரே ஒரு பைட்டில் வருகிறது. அதில் 0 முதல் 255 வரையே அடங்கும். தனி அழுத்தம் 255 கிலோபாஸ்கலைத் தாண்டினால் எண் அங்கேயே நின்றுவிடும். கடல்மட்டத்தில் இது சுமார் 22 பிஎஸ்ஐ பூஸ்ட். அதற்குமேல் பூஸ்ட் ஏற்றிய காரில் செயலி 22-இல் உறைந்து நிற்பதற்கு இதுவே காரணம். மேலும், செயலிக்குக் கிடைப்பது தனி அழுத்தம். பூஸ்ட் வேண்டுமானால் வெளிக்காற்றைக் கழிக்க வேண்டும். சில செயலிகள் காரின் சென்சார் தரும் அன்றைய காற்றழுத்தத்தைக் கழிக்கின்றன. வேறு சில, எங்கே இருந்தாலும் 101 என்ற ஒரே எண்ணைக் கழிக்கின்றன. அத்தகைய செயலியைப் பைக்ஸ் பீக் உச்சியில் திறந்தால், எஞ்சின் நின்றிருக்கும் காரிலும் அது 41 கிலோபாஸ்கல் வெற்றிடம் என்று காட்டும்.